கப்பல் ஓடாத நாளுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட்

ஜெர்மனியில் ரைன் நதியோரம் கௌப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவில், பழைய சுங்கக் கோட்டை ஒன்று நிற்கிறது. வழக்கமாகப் படகில்தான் அங்கே போக முடியும். 2018-இலும் 2022-இலும் ஜனங்கள் கூழாங்கற்கள் மேல் நடந்தே போய் வந்தார்கள். ஆறு அந்த அளவுக்கு வற்றியிருந்தது. 2018 அக்டோபர் 22 அன்று கௌப் நீர்மட்ட அளவுகோல் காட்டியது வெறும் 25 சென்டிமீட்டர். அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்கும் இடம் ஆற்றின் தரைக்கு மேலே இருப்பதால், கப்பல் போகும் தடத்தில் இன்னும் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் இருக்கும். அதைச் சேர்த்தாலும் ஆழம் ஒன்றரை மீட்டரை எட்டவில்லை. ஏறக்குறைய இருநூறு பேரைச் சுமக்கும் 135 மீட்டர் நீளச் சுற்றுலாக் கப்பலுக்கு அது போதாது. ஆம்ஸ்டர்டாமுக்கும் பாசலுக்கும் இடையே கப்பலிலேயே போகப் பணம் கட்டியிருந்த பலர் அந்தப் பருவத்தில் வழியின் ஒரு பகுதியைப் பேருந்தில்தான் கடந்தார்கள்.

இப்படி நடந்தால் 'நமக்கு நேரம் சரியில்லை' என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கம். ஆனால் கடலில் போகும் கப்பலுக்குப் புயல் எப்படியோ, ஆற்றில் போகும் கப்பலுக்கு நீர்மட்டம் அப்படி இல்லை. புயல் வந்து போகும். நீர்மட்டம் தினமும் கூடவே வரும் விஷயம். எந்த இடத்தில் தண்ணீர் குறையும், எந்தப் பாலத்தில் தலை இடிக்கும் என்பதெல்லாம் பல தலைமுறைகளாகத் தெரிந்தவை. தெரிந்த ஒன்றுக்கு முன்கூட்டியே விலை பேசிவிட முடியும். ஐரோப்பிய ஆற்றுக் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கப்பல் எங்கெல்லாம் போகும் என்பது இல்லை. அது ஓடாத நாளில் என் கையில் என்ன இருக்கும் என்பதுதான். இந்தக் கேள்வியைப் பயணத்தின் நடுவில் கேட்டுப் பிரயோசனம் இல்லை, அப்போது பணம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கும்.

தொல்லை ஆறு முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை, சில இடங்களில் திரண்டு நிற்கிறது. ரைனில் அது கௌப் அமைந்திருக்கும் நடுப்பகுதி. டான்யூபில் ஜெர்மனியின் ஸ்ட்ராவ்பிங்கிலிருந்து வில்ஸ்ஹோஃபன் வரை, சுமார் 70 கிலோமீட்டர். அதற்கு மேலும் கீழும் அணைகள் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் கப்பல் போகும் டான்யூபில் இந்தத் துண்டில் மட்டும் ஆறு தன் போக்கில் ஓடுகிறது. இங்கும் அணை கட்டும் திட்டம் இருந்தது. சூழலியலாளர்களும் ஊர்க்காரர்களும் நெடுங்காலம் எதிர்த்த பிறகு பவேரிய அரசு அதைக் கைவிட்டது. (ஆற்றுக்கு நல்லதுதான், கப்பல்காரர்களுக்குத்தான் வருத்தம்.) விசித்திரம் என்னவென்றால், தண்ணீர் குறைந்தால் தரை தட்டும் இதே பகுதியில், தண்ணீர் ஏறினால் தாழ்வான பாலங்கள் வழி மறிக்கும். ஆற்றுக் கப்பலின் அமைப்பே பாலங்களுக்குப் பணிந்து போக ஏற்பட்டது. மேல்தளத்து நிழற்கூரையையும் கைப்பிடிக் கம்பிகளையும் மடக்கிவிடுவார்கள். மாலுமி அறையே தளத்துக்குள் இறங்கும். கேப்டன் கூரைத் திறப்பு வழியே தலையை மட்டும் வெளியே நீட்டிக் கப்பலை ஓட்டுவார். அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ரைனில் வெள்ளத்துக்கு இரண்டு குறிகள் வைத்திருக்கிறார்கள். கொலோன் நகரில் நீர்மட்டம் 6.20 மீட்டரைத் தாண்டினால் வேகக் கட்டுப்பாடு, 8.30 மீட்டரைத் தாண்டினால் கப்பல் போக்குவரத்தே நிறுத்தம்.

'நல்ல மாதமாகப் பார்த்துப் போனால் தீர்ந்தது' என்பார்கள். பாதிதான் சரி. ஆல்ப்ஸ் மலைப் பனி உருகி வருவதால் கோடைத் தொடக்கத்தில் ரைன் ஓரளவு நிறைந்திருக்கும். வறட்சி பெரும்பாலும் ஆகஸ்ட் தொடங்கி நவம்பர் வரை தலைகாட்டும். அப்படியானால் ஜூன் பத்திரம் என்று தோன்றும். பாசாவ் நகரில் டான்யூப் 12.89 மீட்டருக்கு ஏறி, ஐந்நூறு ஆண்டுகளில் காணாத வெள்ளமாக நின்றது 2013 ஜூன் 3-ஆம் தேதி. சில நாட்களிலேயே புடாபெஸ்ட்டில் 8.91 மீட்டர், அங்கே அதுவரை இல்லாத உச்சம். வெள்ளமெல்லாம் கோடைத் தொடக்கத்தோடு சரி என்றால், 2024 செப்டம்பரில் போரிஸ் புயல் கொட்டிய மழையில் ஆஸ்திரியாவில் டான்யூப் போக்குவரத்து நின்று, வியன்னாவில் கப்பல்கள் கரையோடு கட்டப்பட்டுக் கிடந்தன. அணைகளும் லாக்குகளும் உள்ள ஆறுகளில் கோடை வறட்சி அவ்வளவாகத் தெரியாது. மோசல், மைன், போர்ச்சுகலின் டோரோ எல்லாம் அந்த ரகம். ஆனால் லாக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. கப்பலை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் அந்தப் பெட்டியின் கதவு பழுதானால் ஆறே அடைபட்டுப்போகும். 2024 டிசம்பரில் மோசலில் ம்யூடன் என்ற இடத்தில் ஒரு சரக்குக் கப்பல் லாக் கதவில் மோதியது. மேல் பக்கம் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் சிக்கின. போக்குவரத்து முழுமையாகச் சீராக அடுத்த பிப்ரவரி ஆயிற்று. மாதத்தைத் தேர்ந்தெடுத்து ஆபத்தைக் குறைக்கலாம், அடியோடு ஒழிக்க முடியாது.

வழி அடைபட்டால் நிறுவனங்கள் செய்வது மூன்றில் ஒன்று. முதலாவது கப்பல் மாற்றம். அடைபட்ட இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கப்பல், அந்தப் பக்கம் அதே அச்சில் வார்த்த இன்னொரு கப்பல். காலையில் பெட்டியைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். பயணிகள் ஒரு கப்பலிலிருந்து பேருந்தில் கிளம்பி ஊர் பார்த்துவிட்டு, மாலையில் மற்றக் கப்பலில் ஏறுவார்கள். பெரும்பாலும் அதே எண்ணுள்ள அறையில் பெட்டி வந்து காத்திருக்கும். அந்த நாளில் மாத்திரை, பாஸ்போர்ட், போன் சார்ஜர் மூன்றும் கைப்பையில் இருப்பது நல்லது. இரண்டாவது, கப்பல் ஓரிடத்தில் நின்றபடியே ஹோட்டலாக இருக்கும். தினம் பேருந்தில் போய்த் திரும்ப வேண்டும். மூன்றாவது, கப்பலே இல்லாமல் நில வழிப் பயணம், ஊர் ஊராக ஹோட்டல். இந்த மூன்றும் ஒன்றல்ல. முதலாவதில் இழப்பது ஒரு நாள். மூன்றாவதில் இழப்பது, பெட்டியை ஒரே முறை பிரித்து வைத்துவிட்டு ஒரு ஊரில் தூங்கி இன்னொரு ஊரில் விழிக்கும் சுகம் முழுவதும். அதற்காகத்தானே ரயிலையும் ஹோட்டலையும் விடப் பல மடங்கு அதிகம் கொடுத்தோம். ஒரே ஆற்றில் ஒரே மாதிரிக் கப்பல்கள் நிறைய வைத்திருக்கும் நிறுவனத்தால்தான் முதல் வழியைக் கையாள முடியும். கூடத்து விளக்கும் சமையல் பட்டியலும் எப்படி என்று விசாரிப்பதைவிட, இந்த ஆற்றில் உங்களுக்கு எத்தனை கப்பல் என்று கேட்பது பயன் தரும்.

'இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தானே நிறுவனம் இருக்கிறது?' என்பது அடுத்த வாதம். பெரும்பாலானவை நேர்மையாகவே உழைக்கின்றன; ஒரே இரவில் ஒரு மீட்டர் ஏறி இறங்கும் ஆற்றைப் பற்றி இரண்டு வாரம் முன்பே உறுதி சொல்ல அவர்களாலும் முடியாது. ஆனாலும் பயணத்தை ரத்து செய்தால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டியிருக்கும், பேருந்தில் ஏற்றிவிட்டால் வேண்டியதில்லை என்ற கணக்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 2013 வெள்ளத்தில் இது நீதிமன்றம் வரை போனது. ஆஸ்திரேலிய நிறுவனமான சீனிக் டூர்ஸ் மீது, சுமார் 1,500 பயணிகள் சார்பில் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பத்து நாள் ஆற்றுப் பயணத்துக்குப் பணம் கட்டியவருக்குக் கப்பல் ஓடிய நாள் மூன்று; மற்ற நாட்கள் பேருந்திலும் நிறுத்தி வைத்த கப்பலிலும் கழிந்தன. வெள்ளத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. நிலவரம் தெரிந்தும் பயணத்தைத் தொடங்கியது சரியா, விற்ற சேவை சொன்ன நோக்கத்தை நிறைவேற்றியதா என்பதுதான் விசாரணை. 2017-இல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம், நுகர்வோருக்குச் சட்டம் தரும் உத்தரவாதத்தை நிறுவனம் மீறியது என்றது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2020-இல் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றம், ஏமாற்றத்துக்கும் இழப்பீடு உண்டு என்று தீர்த்தது. வெள்ளம் வந்து ஏழு ஆண்டு கழித்து. நீதி கிடைத்தது என்று மகிழலாம். விடுமுறை அனுபவிக்கப் போனவர் நீதிமன்றப் படியேறக் கிளம்பவில்லை என்பதும் உண்மை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வழி கொஞ்சம் சுருக்கம். 2015-இல் வந்த பேக்கேஜ் சுற்றுலா நெறிமுறைப்படி, புறப்படும் முன்பே பயணத்தின் முக்கிய அம்சம் பெரிதாக மாறினால், கட்டணப் பிடித்தம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். பயணத்தின் நடுவே மாறினால் அதற்கேற்ற விலைக் குறைப்பு கேட்கலாம். இயற்கைச் சீற்றம் என்பதால் நஷ்டஈடு மறுக்கப்படலாம், விலைக் குறைப்பு மறுக்கப்படக் கூடாது, இரண்டும் வேறு. கொரோனாவால் பாழான ஒரு விடுமுறை வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜனவரியில் இதையே உறுதி செய்தது, தவறு நிறுவனத்துடையதா என்ற கேள்வியே எழாது என்று. ஆனால் சென்னையிலோ கோவையிலோ ஒரு ஏஜென்ட்டிடம் குழுவாகப் பணம் கட்டிப் போகிறவருக்கு இந்தச் சட்டம் கைகொடுக்குமா என்பது, ஒப்பந்தம் யாருடன், எந்த நாட்டுச் சட்டப்படி என்பதைப் பொறுத்தது. ரசீதில் கையெழுத்துப் போடுகிறவர் யார், கப்பல் ஓடாத ஒவ்வொரு நாளுக்கும் என்ன திரும்பக் கிடைக்கும் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையாக 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்றால், கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான பயணங்கள் திட்டப்படியே நடக்கின்றனவே, இவ்வளவு முன்ஜாக்கிரதை தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிக்கடி போகிற பயணம் என்றால் ஒன்று கெட்டால் மற்றது ஈடு செய்யும். நம்மில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற பிறகோ அறுபதாம் கல்யாணத்தை ஒட்டியோ ஒரே ஒரு முறை போகிறவர்கள். சராசரிக் கணக்கு நமக்கு உதவாது. அதோடு நம் ஊர்க்காரருக்கு விசா என்ற கூடுதல் சுமை. புடாபெஸ்ட்டுக்குக் கீழே செர்பியா வழியாகக் கருங்கடல் பக்கம் போகும் பயணத்தில் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி, மறுபடி பல்கேரியாவிலோ ருமேனியாவிலோ நுழைகிறோம்; இவ்விரு நாடுகளும் 2025 ஜனவரி முதல் முழு ஷெங்கன். ஒரே முறை நுழையும் விசா அங்கே போதாது. நேராக வந்து திரும்பும் பயணத்துக்கும் நாட்களை ஒட்ட ஒட்டக் கேட்காமல் சில நாள் கூடுதலாகக் கேட்பது நல்லது, கடைசித் துறை மாறக்கூடும். இன்சூரன்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கும் ஊர் திரும்புவதற்கும்தான். ஆறு வற்றியதற்கு அதில் ஒரு பைசா வராது. பயணத் தடங்கலுக்குத் தனியாக எடுக்கும் பாலிசியிலும் 'நீர்மட்டம்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் பிரீமியம் கட்ட வேண்டும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஆற்றைக் கவனிக்கலாம். பெகல்ஆன்லைன் என்ற ஜெர்மன் அரசுத் தளத்தில் எல்லா அளவுகோலும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கின்றன. கோப்லென்ஸில் உள்ள நீரியல் நிறுவனம் ரைனுக்கு ஆறு வாரம் வரையான முன்கணிப்பு தருகிறது. கௌப் எண் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனால், நிறுவனத்தின் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் நாமே எழுதிக் கேட்கலாம். கப்பல் நின்ற பிறகு கோபத்தை வரவேற்பு மேசைப் பெண்ணிடம் காட்டிப் பயனில்லை. எந்த நாள் எத்தனை மணி நேரம் பேருந்தில் போனது, எந்த ஊர் விடுபட்டது என்று அன்றன்றே குறித்து, அப்போதே நிறுவனத்துக்கும் எழுதிவிட வேண்டும். தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த ஐரோப்பிய நெறிமுறையிலேயே இருக்கிறது. விலைக் குறைப்பு கோரக் குறைந்தது இரண்டு ஆண்டு அவகாசமும் அதில் உண்டு. ரைன் நடுப்பகுதியை நிறுவனத்துப் பேருந்து நெடுஞ்சாலையில் தாண்டப் போகிறது என்றால், அந்த ஒரு நாள் குழுவை விட்டுப் பிரிவதில் தவறில்லை. மாலையில் கப்பல் எந்தத் துறையில், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டு மைன்ஸ் நிலையத்தில் கோப்லென்ஸ் போகும் ரயிலில் ஏறலாம். ஃபிராங்க்ஃபர்ட்டையும் கொலோனையும் இணைக்கும் அதிவேக ரயில் இந்தப் பள்ளத்தாக்கைத் தொடாது. ஆற்றின் மேற்குக் கரையோடு போகும் பழைய பாதை ரயில்தான் வேண்டும். கப்பலிலிருந்து பார்க்க வேண்டியிருந்த கோட்டைகளும் திராட்சைச் சரிவுகளும் லோரெலைப் பாறையும் அங்கே வலப்பக்க ஜன்னலில் வரும்.