தனதல்லாத தன் கால்

நட்பின் இலக்கணத்தை விளக்கவந்த திருவள்ளுவர், உடுத்த உடை நழுவும் வேளையிற் கையானது விரைந்து சென்று அதனைப் பற்றிக்கொள்வதை உவமையாக எடுத்தாண்டார். அந்தக் கையை எவரும் ஏவுவதில்லை; அழைப்பதுமில்லை. அது தன் கை என்ற எண்ணங்கூட அவ்வேளையில் எழுவதில்லை. உறுப்புக்கும் அதனை உடையவனுக்கும் இடையே பிளவு ஏதும் இல்லாமையினாலேயே அவ்வுவமை காலங்கடந்து நிற்கின்றது. தன் கையே தனக்குதவி என்னும் பழமொழியும் இந்த உறவையே அடிப்படையாகக் கொண்டது.

ஆயினும், இவ்வுறவு எல்லார்க்கும் வாய்த்துவிடுவதில்லை. காலில் ஊனமில்லை; நோயில்லை; வலியில்லை. நினைத்தவாறு அது நடக்கும், ஓடும், படியேறும். ஊசியாற் குத்தினால் நோகும். அவ்வாறிருந்தும் அந்தக் கால் தனக்குரியதன்று, தன் உடலோடு தவறுதலாக ஒட்டிக்கொண்டது என்ற உணர்வுடனேயே வாழ்நாளைக் கழிப்போர் உலகிற் சிலர் உளர். ஏவல் செய்வது வேறு, உரியதாய் இருப்பது வேறு என்ற உண்மையை இவர்களுடைய வாழ்க்கை காட்டுகின்றது.

இந்த உணர்வு பெரும்பாலும் சிறு பராயத்திலேயே தோன்றிவிடுகின்றது. கால் இழந்த ஒருவர் ஊன்றுகோலின் துணையுடன் வீதியில் நடந்து செல்வதைக் காணும் பிள்ளைகளிற் சிலர் அஞ்சுவர், சிலர் இரங்குவர். இத்தகைய பிள்ளையோ, தானும் அவ்வாறே இருந்திருக்க வேண்டியவன் என்று எண்ணுகின்றது. ஏன் அவ்வாறு எண்ணுகின்றது என்பதை அதனால் விளக்க முடிவதில்லை. எவரிடமும் சொல்லவும் துணிவதில்லை. வளர்ந்த பின்னர் கேட்டால், இவர்களுட் பலர் தொடையிலோ முழங்காலுக்குக் கீழேயோ ஒரு கோட்டைத் திட்டமாக வரைந்து காட்டுவர். அக்கோட்டுக்கு மேலுள்ளது தாம். கீழுள்ளது ஏதோ ஒரு சேர்க்கை. ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் அந்தக் கோடு பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. இந்நிலை ஆண்களிடையே கூடுதலாகவும், கையிலும் பார்க்கக் காலிலே மிகுதியாகவும், காலிலும் இடக்காலிலே மிகுதியாகவும் அறியப்பட்டுள்ளது.

இதனைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது பொருந்தாது. சித்தம் பேதலித்தவர் தம் எண்ணத்தை ஐயுறுவதில்லை. இவர்களோ அந்தக் கால் தம்முடைய காலே என்பதை நன்கறிவர். தம் உணர்வு விந்தையானது என்பதையும் அறிவர். அறிவு ஒன்று சொல்ல, உணர்வு வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவே இவர்கள் அல்லற்படுகின்றனர்.

அங்ஙனமாயின், ஓர் உறுப்பைத் தனதென்று உணர்த்துவது யாது? இவ்வினாவுக்கு எளிய பரிசோதனையொன்று ஓரளவு விடை தந்தது. மத்தியூ பொற்வினிக், ஜொனதன் கோகன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அதனை 1998ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒருவருடைய கையை மேசைமீது வைத்து, அவர் காணாதவாறு ஒரு திரையால் மறைப்பர். அவர் கண்முன்னே இறப்பராற் செய்த கையொன்றை வைப்பர். பின்னர் மறைந்திருக்கும் கையையும் இறப்பர்க் கையையும் மென்தூரிகைகளால் ஒரே நேரத்தில், ஒரே வகையில் வருடுவர். சிறிது நேரம் சென்றதும், இறப்பர்க் கையிலேயே வருடலை உணர்வதாகவும், அது தம் கை போலவே தோன்றுவதாகவும் பலர் கூறுவர். அது இறப்பர் என்பது அவர்களுக்குத் தெரியும். எனினும் கண் காண்பதும் தோல் உணர்வதும் இசைந்துவிட்டமையால், மூளை அதனைத் தன் உடலோடு சேர்த்துக்கொள்கின்றது.

இதனாற் பெறப்படும் பாடம் பெரிது. தன் உடல் என்ற உணர்வு பிறப்போடு வந்து நிலைத்துவிட்ட பொருளன்று. கண், தோல், தசை, மூட்டு ஆகியன அனுப்பும் செய்திகளைக் கணந்தோறும் ஒன்றுசேர்த்து மூளை ஆக்கிக்கொள்ளும் ஓர் உணர்வே அது. ஆக்கப்படுவது சில வேளைகளிற் பிழைபடவுங் கூடும்.

அவ்வாறு பிழைபடுவதைப் பாரிசவாத நோயாளர் சிலரிடம் வைத்தியர்கள் நெடுங்காலமாகவே கண்டுள்ளனர். மூளையின் வலப்பாதி பழுதுற்றபோது உடலின் இடப்பாதி செயலிழக்கின்றது. அந்நோயாளருட் சிலர் தம் இடக்கையைக் காட்டி, அது வேறொருவருடையது என்று உறுதியாகச் சாதிப்பர். யோசெவ் கெர்ஸ்ற்மன் என்னும் நரம்பியல் வைத்தியர் 1942ஆம் ஆண்டில் இந்நிலைக்குத் தனிப்பெயர் இட்டார். இத்தாலிய ஆராய்ச்சியாளர் சிலர் 1991இல் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. இத்தகைய நோயாளியான மூதாட்டி ஒருவரின் இடக்காதிற் குளிர்ந்த நீரைச் செலுத்தியபோது, மறுத்த கையைச் சிறிது நேரம் தமது கையென்றே அவர் ஏற்றுக்கொண்டார். அதன் பயன் தீர்ந்ததும் பழைய மறுப்பு மீண்டது. காதினுள்ளே உடலின் சமநிலையைக் காக்கும் கருவி உள்ளது. அதனைத் தூண்டுவதால் உடலைப் பற்றிய மூளையின் கணக்கும் சிறிது பொழுது திருந்துகின்றது போலும்.

மூளை பழுதுறாத ஒருவருக்கும் இந்த அனுபவம் நேரலாம் என்பதற்கு ஒலிவர் சாக்ஸ் என்னும் நரம்பியல் வைத்தியரே சான்று. 1974ஆம் ஆண்டு நோர்வே நாட்டு மலையொன்றில் தனியே சென்றுகொண்டிருந்த அவர், ஒரு காளையைக் கண்டு அஞ்சி ஓடுகையில் வீழ்ந்து இடக்காலிற் கடுங்காயமுற்றார். தொடைத் தசைநார் கிழிந்தது. இலண்டனிற் சத்திரசிகிச்சை நடந்தது. காயம் முறையே ஆறிவந்தது. ஆனால் படுக்கையிற் கிடந்த காலை நோக்கியபோது, அது தம்முடையதென்ற உணர்வே அவருக்கு இருக்கவில்லை. பிறருடைய நோயை ஆராய்ந்தவர் தாமே அந்நோய்க்கு ஆளானார். அவர் எழுந்து நடக்கத் தொடங்கிய பின்னரே, அதுவும் மனத்துள் ஓர் இசை ஒலிக்க அதன் தாளத்தோடு அடியெடுத்து வைத்தபோதே, கால் மீண்டும் அவருடையதாயிற்று. இதனை அவர் 1984இல் ஒரு நூலாக வெளியிட்டார். சாக்ஸுக்குச் சில வாரங்களில் திரும்பி வந்த அந்த உணர்வு, மேலே கூறப்பட்டோருக்கு ஒருபோதும் வந்ததேயில்லை.

அவர்களுடைய நிலையை மருத்துவ உலகம் விளங்கிக்கொள்வதற்கு நெடுங்காலம் பிடித்தது. 1977இல் ஜோன் மணி என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் இதனைப் பற்றி எழுதியபோது, ஒருவகைக் காம விகாரமாகவே கொண்டனர். 2005ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உளமருத்துவர் மைக்கேல் பேர்ஸ்ற், இத்தகைய விருப்பமுடைய 52 பேரை விசாரித்து எழுதிய கட்டுரை அந்தக் கருத்தை மாற்றியது. அவர்களுட் பெரும்பாலோர் முதன்மையாகக் கூறிய காரணம் காமமன்று. தாம் யார் என்று உள்ளம் உணர்வதும் உடலின் உருவமும் பொருந்தவில்லை என்பதேயாகும். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்று, 2022 சனவரி முதலாம் நாள் தொட்டு நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பட்டியலின் பதினோராவது திருத்தத்தில் இந்நிலை தனியொரு கோளாறாக இடம்பெற்றுள்ளது.

மூளையிலே இதற்கு அடையாளம் உண்டோ என்று தேடியவர்களுள் ஒருவர், தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை இசுற்றான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர் கலிபோர்ணியாவிற் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன் ஆவார். வெட்டப்பட்ட கை இன்னும் இருப்பதாகவும் அது நோவதாகவும் உணர்வோரின் துயரை, ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கொண்டு தணிக்க முயன்று புகழ்பெற்றவர் அவர். இல்லாத கையை இருப்பதாக உணர்வது அந்நோய். இருக்கின்ற காலைத் தனதென உணராதது இந்நோய். இரண்டும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்களாகலாம் என அவர் எண்ணினார். அவரும் அவருடன் பணிபுரிந்தோரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நால்வருடைய கால்களைத் தொட்டு மூளையின் எழுச்சியை அளந்தனர். கோட்டுக்குக் கீழே தொட்டபோது, உச்சிக்குச் சற்றுப் பின்னே வலப்புறம் அமைந்த பகுதி உரியவாறு எழுச்சி கொள்ளவில்லை. உடலுறுப்புக்களிலிருந்து வரும் செய்திகளை ஒன்றாக இணைக்கும் பகுதி அதுவேயாகும். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிற் பீற்றர் புறுகரும் பிறரும் 13 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையும், அதே பகுதியில் மூளையின் மேற்படை மெலிந்திருப்பதைக் காட்டியது.

இருப்பினும், இதனைக் கொண்டு வழக்கு முடிந்ததென்று கூறிவிட இயலாது. மூளை பழக்கத்தால் உருமாறும் உறுப்பு. ஒரு காலைப் பல்லாண்டுகள் வெறுத்து ஒதுக்கியமையாலும் அம்மாற்றம் விளைந்திருக்கக்கூடும். காரணம் எது, காரியம் எது என்பது இன்னும் முற்றாகத் துணியப்படவில்லை.

ஆராய்ச்சி ஒருபுறமிருக்க, வாழ்க்கை நாள்தோறும் நடந்தாக வேண்டும். இவர்களுட் பலர் தொழில் செய்வோர், மணஞ்செய்து பிள்ளை பெற்றோர், அயலவரால் மதிக்கப்படுவோர். ஆயினும், உடையணியும்போதும் உறங்கும்போதும் படியேறும்போதும் அந்தக் கால் தன்னை நினைவூட்டிக்கொண்டேயிருக்கும். வீட்டில் ஒருவருமில்லாத நேரத்திற் காலை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊன்றுகோலுடன் நடந்து பார்ப்போர் உளர். தம்மை அறியாத தொலைவூருக்குச் சென்று சக்கர நாற்காலியில் உலாவுவோரும் உளர். அதனாற் கிடைக்கும் ஆறுதல் சிறிது பொழுதே நிற்கும். பின்னர் வெட்கம் வந்து சூழும். உண்மையிலேயே காலிழந்தோர் படும் பாட்டைக் கண்டு குற்றவுணர்வும் வருத்தும். மனைவிக்குங்கூட மறைத்து இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்தோர் பட்ட தனிமையே இந்நோயின் பெருந்துன்பம் எனலாம். அந்தத் தனிமையில் மனஞ்சோர்ந்து, உயிருக்கே ஆபத்தான செயல்களில் இறங்கியவர்களும் உண்டு.

இந்த ஆபத்தே வைத்தியர்களைக் கடினமானதொரு வினாவின் முன் நிறுத்தியது. ஸ்கொத்லாந்தின் பல்கேர்க் நகரிற் சத்திரசிகிச்சை நிபுணர் ரொபேர்ட் சிமித், 1997இலும் 1999இலும் இத்தகைய நோயாளர் இருவருக்கு, உளமருத்துவரின் ஆராய்வுக்குப் பின்னர், நோயற்ற காலை அகற்றினார். செய்தி வெளிவந்ததும் பெருங் கண்டனம் எழுந்தது. 2000ஆம் ஆண்டில் வைத்தியசாலை நிருவாகம் அத்தகைய சிகிச்சையைத் தடை செய்தது. வைத்தியன் தீங்கிழையாதவனாய் இருத்தல் வேண்டும். நலமான காலை வெட்டுதலினும் பெரிய தீங்கு யாது என்றனர் ஒருசாரார். வெட்டிய கால் மீளாது. சிலருக்கு ஆசை வேறோர் உறுப்பை நாடவுங்கூடும் என்றும் அவர்கள் எச்சரித்தனர். மறுசாராரோ, அந்நோயாளர் தாமே தமக்குத் தீங்கு செய்துகொண்டு மாள்வதிலும் பார்க்க, வைத்தியன் கையினாற் காப்பாற்றப்படுதல் மேலன்றோ என்றனர். காலிழந்த சிலர் அதன் பின்னர் அமைதி அடைந்ததாகக் கூறியதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். இரு தரப்பும் நோயாளியின் நலத்தையே நாடின. இன்றளவும் முடிவு எட்டப்படவில்லை.

மாற்றுவழிகளும் தேடப்பட்டன. பாரிசவாத நோயாளருக்குப் பயன்பட்ட காதுத் தூண்டல் முறை, இவர்களுக்குப் பயன்தரவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வு கூறியது. மருந்துகள் மனச்சோர்வைத் தணிக்கின்றன; உளமருத்துவரோடு உரையாடுதல் மனச்சுமையைக் குறைக்கின்றது. ஆனால் அந்நிய உணர்வை இவை வேரோடு களைவதில்லை. எனவே, நோயை ஒழித்தல் ஒருபுறமிருக்க, அதனோடு வாழக் கற்றலே பலருக்கு வழியாகின்றது. மறைத்து வைத்ததை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் முதன்முறையாகச் சொல்லிய நாளிலேயே பாரம் பெரிதும் இறங்கியதெனச் சொல்வோர் உளர். தம்மைப்போல் வேறு மனிதரும் உலகில் உண்டு, இதற்கு ஒரு பெயரும் உண்டு என்று அறிதல் சிலருக்கு மருந்தாகவே அமைகின்றது.

இங்கேதான் சுற்றத்தாரின் பொறுப்புத் தொடங்குகின்றது. தன் உள்ளத்தைத் திறக்க வந்தவரை நகைத்தால், அவர் மீண்டும் வாய் திறவார். கடிந்தாலும் அவ்வாறே. ஆண்டவன் தந்த நல்ல காலை வெறுக்கலாமோ என்று அறிவுரை கூறுவதாற் பயனில்லை. அதனை அவர் தமக்குத் தாமே ஆயிரம் முறை கூறியிருப்பார். அமைதியாகக் கேட்டல், இகழாமை, தக்க உளமருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லல், தம்மையே வருத்திக்கொள்ளும் எண்ணம் தோன்றியதாக அறிந்தால் சற்றும் தாமதியாமை ஆகியனவே செய்யத்தக்கவை.

உடை நழுவும் வேளையில் விரைந்து செல்லும் கை, எவ்வளவு பெரிய பேற்றினை உடையது என்பதை அதனை உடையோர் அறிவதில்லை. தன் உறுப்பே தனக்கு அயலாய் நிற்கும் ஒருவருக்கு, அந்தக் கையைப்போல் அழையாமலே வந்து உதவும் நண்பர் ஒருவர் வாய்ப்பாராயின், அவருடைய சுமையிற் பாதி அன்றே குறைந்துவிடும்.