தெருமுனைக் கடை

சென்னை மாநகரைப் பற்றிப் பேசப் புகுவோர் கோட்டையையோ கடற்கரையையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது தெருமுனை மளிகைக் கடை. இதில் பேச என்ன இருக்கிறது என்று மாணவ நண்பர்கள் எண்ணலாம். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே எண்ணினேன்.

அங்காடி தமிழருக்குப் புதியதன்று. பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. ஆயினும் அவை ஊரே திரண்டு சென்ற பேரங்காடிகள். தெருமுனைக் கடையோ நாம் இருக்கும் இடத்துக்கே வந்து அமர்ந்திருக்கிறது.

அதன் தனிச் சிறப்பு யாது? வாங்குவோர் கைப்பொருளுக்குத் தக்கபடி தன் அளவைச் சுருக்கிக்கொள்ளும் குணமே என்பேன். 1957 ஏப்ரலில் அணாக் கணக்குப் போய்ப் புதிய காசு வந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்துப் படியும் ஆழாக்கும், வீசையும் பலமும் படிப்படியாக மறைந்தன. அளவைகள் மாறினவே யன்றி, நூறு கிராம் பருப்பும் ஒரு வேளைக்கு வேண்டிய புளியும் மடித்துத் தரும் வழக்கம் மாறவில்லை. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது மெய்தான். ஆனால், அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் உலை வைப்பவர் மொத்தமாக வாங்க முதலுக்கு எங்கே போவார்?

இவ்வுண்மையை நான் திருவல்லிக்கேணியில் கற்றேன். அங்கே மாடி அறையொன்றில் தங்கிப் படித்தபோது, ஒரு மாதம் வீட்டிலிருந்து பணம் வரவில்லை. கீழேயிருந்த கடைக்காரர் தென் மாவட்டத்துக்காரர். "அண்ணாச்சி, அடுத்த வாரம் தருகிறேன்" என்று தயங்கினேன். அவர் என் பெயரையும் கேட்கவில்லை. 'மாடித் தம்பி' என்று நோட்டில் எழுதிக்கொண்டு அரிசியை நிறுத்துத் தந்தார்.

கடனைத் தீர்க்கச் சென்ற நாளில், "எல்லோரும் இப்படித் திருப்பித் தருகிறார்களா?" என்று கேட்டேன். "வராத பக்கங்களும் உண்டு, தம்பி. அதையும் சேர்த்துத்தான் வியாபாரம்" என்றார். அப்பொழுதுதான் சிறு கடையின் விலைக் கணக்கு எனக்கு விளங்கிற்று. நாம் கூடுதலாகக் கொடுக்கும் சில காசுகளில், கொடுக்க இயலாத ஒருவரின் அரிசியும் அடங்கியிருக்கிறது. அவர் என் பொட்டலத்தின்மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாக வைத்து அனுப்பினார்.

2020 மார்ச் மாதத்தில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. மே மாதத்தில் கோயம்பேட்டுச் சந்தையும் மூடப்பட்டது. அந்நாளில் தொலைவு செல்ல இயலாத முதியோர் பலருக்குத் தெருமுனைக் கடையே துணையாயிற்று. பெருங்கடைகளும், வீட்டுவாசலுக்கே பொருள் கொணரும் நிறுவனங்களும் பெருகிய இக்காலத்தில் சிறு கடைகளின் நிலை எளிதன்று. பண்டங்களை நமக்கு வேறெவரும் தரலாம். பெயர் கேளாமல் நம்பிக் கடன் எழுதும் நோட்டை யார் தருவார்?

மாணவர்களே! கடுகு வாங்கி வர அன்னை உங்களை அனுப்பும்போது அக்கடையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பொருளாதாரப் பாடநூலில் காணாத ஒரு பாடம் அங்கே நாள்தோறும் நடக்கிறது.