இடித்த கட்டடம் எங்கே போகிறது?

பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை இடிக்கும்போது அக்கம்பக்கத்தாருக்குத் தூசும் சத்தமும்தான் தெரியும். லாரிகள் அள்ளிச் செல்லும் குவியல் எங்கே போகிறது என்று அதிகம் பேர் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் அந்தக் கேள்வி சற்று அவசரமானது. கல்லும் மணலும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றன. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது கட்டுமானத் துறை ஆடிப்போனது. விலை ஏறியது. அரசாங்கம் தன் சேமிப்பிலிருந்த மணலைக் கொடுத்துச் சமாளித்தது. இன்னொரு பக்கம், 1999 முதல் செமாக்காவ் தீவில் நிரப்பப்பட்டுவரும் குப்பைத் திடலிலும் இடம் குறைந்துகொண்டே வருகிறது.

தொழிற்சாலையிலிருந்து பொருளை வாடிக்கையாளரிடம் சேர்ப்பது தளவாடத் துறையின் வேலை. பயன்பட்ட பொருளை மறுபடியும் தொழிற்சாலைக்கே கொண்டுசேர்ப்பது அதன் எதிர்த்திசைப் பயணம். இடிபாட்டை இறக்கிய லாரி அங்கேயே ஜல்லியை ஏற்றிக்கொண்டு திரும்பினால், வெறும் லாரி ஓடும் தூரமும் எரிபொருளும் மிச்சம்.

ஆனால் இந்தப் பயணத்தின் வெற்றி தோல்வி சாலையில் இல்லை, இடிக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. முதலில் கதவு, சன்னல், மரம், மின்கம்பி, குழாய், பொய்க்கூரை எல்லாவற்றையும் கழற்றி எடுக்க வேண்டும். பிறகுதான் சுவரிலும் தூணிலும் கைவைக்க வேண்டும். உடைந்த கான்கிரீட் ஆலைக்குப் போனதும் இயந்திரம் அதை நொறுக்கும். காந்தம் இரும்புக் கம்பியைப் பிரித்தெடுக்கும். சல்லடை அளவு பார்த்துப் பிரிக்கும். பொய்க்கூரையின் ஜிப்சம் இதில் கலந்துவிட்டால், அதிலுள்ள சல்பேட் புதிய கான்கிரீட்டைக் கெடுத்துவிடும்.

2023ல் சிங்கப்பூரின் கட்டுமான, இடிப்புக் கழிவில் 99 விழுக்காடு மறுசுழற்சி செய்யப்பட்டது. பாராட்ட வேண்டிய எண்தான். ஆனாலும் அதை அப்படியே நம்பி மகிழ்ந்துவிட முடியாது. சாலைக்கு அடியில் கொட்டி அழுத்தப்படும் கல்லும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. பழைய ஜல்லியில் ஒட்டியிருக்கும் சாந்து கூடுதல் நீரை உறிஞ்சும் என்பதால், பாரம் தாங்கும் கான்கிரீட்டில் பொதுவாக 20 விழுக்காடு வரையே அதைச் சேர்க்கிறார்கள். அதற்கு மேலும் முடியும் என்று காட்ட, 2010 வாக்கில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றே எழுப்பப்பட்டது. அதன் சில பகுதிகளில் முழுக்க முழுக்க மறுசுழற்சி ஜல்லிதான்.

தடையாக இருப்பது பெரும்பாலும் நேரம். நிலத்தைச் சீக்கிரம் காலி செய்து தரும்படி ஒப்பந்தக்காரரை நெருக்கினால், அவர் முதலில் விட்டுவிடுவது பொய்க்கூரையைக் கழற்றும் அந்த வேலையைத்தான்.