தட்பவெப்பமா தலையெழுத்து?

கோவளம் கரையிலே வலை உலர்த்துகிறார் தந்தை. பள்ளியிலே உலகப்படத்தை விரிக்கிறான் மகன். மக்கள்தொகை, வளம், தட்பவெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து உலகின் ஒவ்வொரு பகுதியையும் உருவாக்குகின்றன என்பது அன்றைய பாடம். நல்ல பாடம், தேவையான பாடம். ஆனால் அதை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதிலேதான் இருக்கிறது, அந்தப் பிள்ளை நிமிர்வதும் குனிவதும்!

தமிழனுக்கு இது புதிய பாடமா? அல்ல! நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அங்கே விளையும் உணவு, மரம், நடக்கும் தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றும், மக்களின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தது தொல்காப்பியம். கோவளத்துப் பிள்ளை நெய்தல் நிலத்தின் பிள்ளை!

இந்த அறிவைத் திரித்தவர்களும் உண்டு. அமெரிக்க அறிஞர் எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் 1915-இல் நாகரிகத்தையும் தட்பவெப்பத்தையும் பற்றி ஒரு நூல் எழுதினார். குளிர்ந்த நாட்டான் உழைத்து உயர்வான், வெப்ப நாட்டான் சோம்பித் தாழ்வான் என்பதே அவர் வாதத்தின் சாரம். பிறப்பால் உயர்வு தாழ்வு என்றது இங்குள்ள வைதிகம். வெயிலால் உயர்வு தாழ்வு என்றது அங்குள்ள வாதம். சரக்கு ஒன்று, முத்திரைதான் வேறு!

வெயிலும் மழையும்தான் விதியா? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலையிலே ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலேறி வந்தது குடிநீர். மழை பொய்த்தது என்றனர். பொய்த்தது மெய்தான். ஆனால் சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இலண்டனில் பெய்வது அதிலே பாதிகூட இல்லை! அங்கே ஆண்டு முழுதும் தூறுகிறது. இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரும்பகுதி கொட்டித் தீர்க்கிறது. ஆகவேதான் ஏரி வெட்டினர் நம் முன்னோர்.

சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பைச் சேரும். ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை எட்டும். கோவளத்து முகத்துவாரத்திலே கடலில் கலக்கும். இயற்கை போட்ட பாதை அது. அந்தச் சதுப்பிலே குப்பையைக் கொட்டியது யார்? கட்டடம் எழுப்பியது யார்? வானமா? 2015 டிசம்பரிலே வீடு புகுந்த வெள்ளத்துக்கு மழை மட்டுமா பொறுப்பு? நெதர்லாந்தின் நிலத்திலே கால் பங்கு கடல்மட்டத்துக்கும் தாழ்ந்தது. அவர்கள் கடலைச் சபிக்கவில்லை; கரை கட்டினர்!

நாமும் வாளாவிருக்கவில்லை. கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் இரண்டாவது ஆலை, 15 கோடி லிட்டர். உவர்க்கடலையே வளமாக்கிற்று அறிவு! எனினும் ஆலைக்கு மின்சாரம் வேண்டும். உப்பு மிகுந்த கழிவுநீர் கடலுக்கே திரும்புகிறது. நகரின் தாகம் தணியும்போது வலை வீசுவோனின் வயிறு காயலாமா என்று அவன் மகன் கேட்கட்டும். கேட்டால்தான் அது பாடம்!

மக்கள்தொகையும் தானாகப் பெய்யும் மழையன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் சராசரியாகப் பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.8. வெயிலா குறைத்தது? பெண்ணின் கையிலே ஏடு கொடுத்தோம், குறைந்தது! அப்படிக் குறைக்கும் மாநிலங்கள் தொகுதிகளை இழக்கலாகாது என்றுதான் 1976-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 1971 கணக்கெடுப்பையே பங்கீட்டுக்கு அளவுகோலாக நிறுத்தினர். 2001-இல் வந்த திருத்தமோ அந்தக் காவலுக்கு, 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பையே கெடுவாக வைத்தது. கட்டுப்பாட்டோடு வாழ்ந்தவனுக்கு அபராதமா? இதுவும் நிலவியல் பாடந்தான்!

ஆசிரியப் பெருமக்களே! படத்திலே பாலைவனத்தைக் காட்டுங்கள், பனிநாட்டைக் காட்டுங்கள். காட்டியபின் பிள்ளைகளை முகத்துவாரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மழை எங்கே பெய்தது, எங்கே போனது, யார் தடுத்தார், யாருக்குக் கிடைத்தது என்று கேட்கக் கற்றுக் கொடுங்கள். படத்தை மனப்பாடம் செய்பவன் தேர்விலே தேறுவான். கேள்வி கேட்பவன் நாட்டையே தேற்றுவான்!