தண்ணீர் குடிக்கும் பிரேக் ஆயில்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் வாடகைக் கார் ஓட்டும் வாசகர் ஒருவரின் கடிதத்தில் ஒரு கேள்வியும், கேள்வியாக இல்லாத ஒரு வரியும் இருந்தன. காரோடு வந்த கையேடு 0டபிள்யூ-16 என்ஜின் ஆயில் ஊற்றச் சொல்கிறது. மெக்கானிக்கோ, “இது தண்ணி மாதிரி இருக்கு, நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 போடு” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இது கேள்வி. “பிரேக் ஆயில் பத்திக் கவலையில்ல, குறைஞ்சா ஊத்திடுவோம்.” இது அந்த வரி. கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். என்னை எழுத உட்காரவைத்தது அந்த வரிதான்.

கெட்டியான ஆயில்தான் என்ஜினைக் காக்கும் என்ற நம்பிக்கை பழைய வண்டிகளின் காலத்தில் வேரூன்றியது. டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது; 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில் சோதிப்பார்கள். பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். அப்படியானால் அந்த முன் எண் நமக்கு எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் இருபது டிகிரிக் காலையில் எந்த ஆயிலும் நூறு டிகிரியில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். சாவி திருப்பிய முதல் சில நொடிகளில் ஆயில் மேலே ஏறிப் போவதற்குள் நடக்கும் உராய்வுதான் என்ஜினை அதிகம் தேய்க்கிறது. வெயில் வாதமும் நிற்காது. வெளியே இருபதோ நாற்பதோ, ஓடும் என்ஜினின் கூலன்ட்டைத் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 90 டிகிரியை ஒட்டி நிறுத்தி வைக்கிறது. இன்றைய என்ஜின்களில் வால்வு நேரத்தை மாற்றும் பாகங்கள் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகின்றன. அவற்றின் துளைகள் மெல்லிய ஆயிலுக்காக அளந்து செய்யப்பட்டவை. ஓடித் தேய்ந்து ஆயில் குடிக்கும் வண்டிக்கு ஒரு படி கெட்டியாகப் போகலாம், கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள். 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 டீசல் கார்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும், இல்லையேல் புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி அந்தச் சாம்பலால் அடைத்துக்கொள்ளும். ஆகவே கேள்வி எது உயர்ந்த ஆயில் என்பதல்ல, இந்த என்ஜினை வரைந்தவர் எந்த ஆயிலை மனதில் வைத்து வரைந்தார் என்பதே.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். மிதித்த விசையைச் சக்கரம் வரை கொண்டுபோவது அந்த அரை லிட்டர் பிரேக் ஆயில். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்ற ஒரே குணத்தை நம்பித்தான் அந்த அமைப்பு முழுவதும் இருக்கிறது. ஆனால் பெயரில் ஆயில் என்று இருந்தாலும் அது எண்ணெய் அல்ல, கிளைக்கால் ஈதர் வகை ரசாயனம். மழைக்காலத்து உப்பு ஜாடி போல அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூடியைத் திறக்கும்போது மட்டுமல்ல, ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே கசிகிறது. டாட் 3 என்ற தரம் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 140 டிகிரி தாங்கினாலே தேர்ச்சி. டாட் 4க்கு இந்த எண்கள் 230, 155. சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளை, நான்கு பயணிகளோடு, பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவருக்குத்தான் தெரியும். பிரேக் பேடில் கிளம்பும் சூடு, அதைத் தள்ளும் பிஸ்டன் வழியாகத் திரவத்துக்குப் போகிறது. ஈரமேறிய ஆயில் கொதித்து ஆவிக்குமிழி விடுகிறது. திரவத்தைப் போலல்லாமல் ஆவி சுருங்கும். பெடல் தரையைத் தொடுகிறது, கார் நிற்பதில்லை. இதில் எனக்கு மிக விசித்திரமாகப் படுவது அடுத்து நடப்பது. ஓரமாக நிறுத்திச் சூடு ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும், பெடல் பழையபடி கெட்டியாக நிற்கும். மறுநாள் பட்டறையில் எந்தக் குறையும் தென்படாது. பழி ஓட்டுநர் தலையில் விழும்.

தண்ணீரை உறிஞ்சாத திரவத்தை ஊற்றினால் போயிற்று என்று தோன்றலாம். அப்படி ஒன்று இருக்கிறது: டாட் 5, சிலிக்கோன் வகை, ஊதா நிறம். ஆனால் அமைப்புக்குள் எப்படியோ நுழையும் ஈரம் அதில் கரையாது. கனமாக இருப்பதால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். தாழ்ந்த இடம் என்பது சக்கரத்தருகே பேடைப் பிடித்திருக்கும் காலிபர், அதாவது மிகச் சூடாகும் இடம். தேங்கிய தண்ணீர் அங்கே இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், நூறு டிகிரியை ஒட்டியே கொதித்தும்விடும். கிளைக்கால் வகை அந்தத் தண்ணீரைத் தன் உடல் முழுக்கப் பரப்பிக்கொள்வதால் கெடுதல் மெதுவாக நடக்கிறது. ஆக, அது குடிப்பது குறை மட்டுமல்ல, ஒரு காவலும்கூட. அந்தக் காவலுக்கு நாம் கொடுக்கும் விலை, பெரும்பாலான கம்பெனிகள் சொல்லும் இரண்டு ஆண்டுக் கெடுவில் அதை மாற்றிவிடுவது. எண் பெரிதானால் தரம் உயர்ந்தது என்று நினைத்து டாட் 4 இருக்கும் வண்டியில் டாட் 5 ஊற்றுவதும் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. 5.1 என்று ஒன்று உண்டு, அது மறுபடி கிளைக்கால் வகை. பெயர் வைத்தவர்களை மன்னிக்க முடியாது. எது வேண்டும் என்பது வண்டியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே அச்சாகியிருக்கும்.

குறைந்தால் ஊற்றுவது ஏன் போதாது என்பதும் இங்கேதான் தெரிகிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகர்ந்து அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. டப்பாவில் மட்டம் இறங்குகிறது. அதாவது குறையும் மட்டம், ஒன்று ‘பேடைப் பார்’ என்று சொல்கிறது, அல்லது ‘கசிவைத் தேடு’ என்கிறது. மேலே ஊற்றினால் அந்தச் சேதி அழிந்துபோகும், பழைய ஈரமும் அப்படியே இருக்கும். புதுப் பேட் போடும் நாளில் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேல்பக்கம் வழியும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றுவது இன்னும் மோசம். பிரேக்கின் ரப்பர் கப்புகள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். ஒரு மூடி ஊற்றினாலும் மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரம் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டிவரலாம்.

வாடகை வண்டிக்காரர் சொல்லக்கூடிய ஆட்சேபம் எனக்குத் தெரியும்: கம்பெனி சாமான் விலை கட்டுப்படியாகாது, வண்டி நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. இது சோம்பேறித்தனமான வாதமல்ல. ஆனால் கம்பெனிப் பெட்டிக்கும் டூப்ளிகேட்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கார் கம்பெனிகள் பேடையும் ஃபில்டரையும் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. 1962இல் சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கின்றன, தம் பெயரிலேயே வெளிச்சந்தையிலும் விற்கின்றன. பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் வண்டியின் மாடலையும் வருடத்தையும் சொல்லி, பாக எண்ணை ஒத்துப்பார்த்து, பில்லோடு அதை வாங்கலாம். பில் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். பிரேக் ஆயில் மாற்ற, ஏர் எடுப்பது உட்பட, ஒரு மணி நேரம் போதும். பேட் மாற்றச் சக்கரம் கழற்றும் நாளிலேயே அதையும் முடித்துவிட்டால் தனியாக ஒரு நாள் போகாது. சீல் உடையாத சின்ன டின்னாக வாங்குங்கள். திறந்து பாதி மிஞ்சியதை அடுத்த தடவைக்கு என்று அலமாரியில் வைத்தால் அது அங்கேயே ஈரம் குடிக்கத் தொடங்கிவிடும். ஊற்றும்போது பானெட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.