கப்பலின் இரைச்சலும் கரை மின்சாரமும்

மலையடிவாரத்தில் வாழும் நமக்கும் கடற்கரைத் துறைமுகத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு பழமையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாக நம் குரங்கணியை அடுத்த கொட்டகுடிக்கு இறங்கியது. அங்கிருந்து மாட்டு வண்டிகளில் போடிநாயக்கனூர் வந்து, பின்னர் துறைமுகம் சென்று இங்கிலாந்திற்குக் கப்பலேறியது. இன்றும் நம் ஏலக்காய் கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்கிறது. நம் விளைபொருளைச் சுமக்கும் கப்பல், துறைமுகத்து மக்களின் உறக்கத்தைக் கெடுக்கிறதெனில், அதைப் பற்றிச் சிந்திப்பது நம் கடமையே ஆகும்.

நிற்கும் கப்பல் ஏன் இரைகிறது?

துறைமுகத்தில் கட்டப்பட்டவுடன் கப்பலின் பெரிய எஞ்சின் நிறுத்தப்படுகிறது. ஆயினும் கப்பல் உறங்குவதில்லை. விளக்குகள், நீரேற்றும் பம்புகள், காற்றோட்ட விசிறிகள், மாலுமிகளின் சமையற்கூடம், குளிர்பதனப் பெட்டகங்கள் ஆகிய அனைத்திற்கும் மின்சாரம் வேண்டும். அதனைத் தருவன கப்பலுக்குள்ளேயே இயங்கும் டீசல் ஜெனரேட்டர்கள். பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் ஒன்றிற்கு, நிற்கும்போதே ஓரிரு மெகாவாட் மின்சாரம் தேவைப்படலாம். ஒரு மெகாவாட் என்பது ஆயிரம் கிலோவாட் ஆகும்.

மின்வெட்டு மிகுந்திருந்த காலத்தில் கடைத்தெருவில் வரிசையாக ஜெனரேட்டர்கள் இரைந்ததை நம்மில் பலர் அறிவோம். கப்பலின் இரைச்சல் அதனினும் வேறுபட்டது. புகைபோக்கி வழியே வெளிவருவது பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட முழக்கம். அவ்வகை ஒலி நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் சன்னலையும் எளிதில் ஊடுருவும். கடைத்தெரு ஜெனரேட்டர் இரவில் ஓயும். கப்பலினதோ இரவும் பகலும் ஓயாது.

சட்டம் கூறுவது யாது?

நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. அவற்றின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெலும் எல்லையாகும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2009இல் வெளியிட்ட நெறிமுறை, இரவில் வீட்டிற்கு வெளியே 40 டெசிபெல் போதும் என்கிறது. கப்பல்களின் ஒலி குறித்த பன்னாட்டுக் கோவை ஒன்று 2014 சூலை முதல் கட்டாயமாயிற்று. எனினும் அது காப்பது கப்பலுக்குள் இருப்போரின் செவியையே. கரையில் வாழ்வோரின் உறக்கத்தை அன்று.

தீர்வு

கப்பலின் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் அளிப்பதே கரை மின்சாரம் எனப்படும். சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகம் 2000ஆம் ஆண்டிலேயே உயர் அழுத்த மின்சாரத்தை இவ்வாறு வழங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸ் 2004இல் தொடர்ந்தது. கலிபோர்னியா மாநிலம் 2014 முதல் இதனைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் தன் முதன்மைத் துறைமுகங்களில் பெட்டகக் கப்பல்களுக்கும் பயணியர் கப்பல்களுக்கும் 2030 முதல் இதனைக் கட்டாயமாக்கியுள்ளது. நம் நடுவண் அரசு 2023இல் வெளியிட்ட 'ஹரித் சாகர்' பசுமைத் துறைமுக நெறிமுறைகளும் கரை மின்சாரத்தை வலியுறுத்துகின்றன.

தடைகள் இல்லாமலில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கப்பல்களினுடையது 60 ஹெர்ட்ஸ். ஆதலின் அதிர்வெண் மாற்றும் கருவி வேண்டும், அது விலையுயர்ந்தது. எல்லாத் துறைமுகத்திலும் ஒரே வகை இணைப்பு அமைய, 2012இல் பன்னாட்டுத் தரம் வகுக்கப்பட்டது. இருப்பினும், 'கப்பலில் இணைப்பு இல்லை' என்று துறைமுகமும், 'துறைமுகத்தில் வசதி இல்லை' என்று கப்பல் உரிமையாளரும் ஒருவரையொருவர் சுட்டிக் காத்திருக்கும் நிலை பல இடங்களில் உள்ளது. இம்முடிச்சை அரசின் ஆணையும் நியாயமான மின்கட்டணமும் அவிழ்க்க வேண்டும்.

மற்றொன்றையும் மறவாதிருத்தல் நன்று. கரை மின்சாரம் வந்தாலும் விசிறிகளின் ஒலியும் சரக்கேற்றும் ஒலியும் இருக்கவே செய்யும். அம்மின்சாரம் நிலக்கரியில் விளைந்ததாயின், புகை துறைமுகத்தை விட்டு அனல்மின் நிலையத்திற்கு இடம் மாறுமேயன்றி மறையாது. ஆகவே காற்றும் கதிரவனும் தரும் மின்சாரத்துடன் இது இணைதல் வேண்டும். காற்று வளம் மிக்க தூத்துக்குடிக் கடற்கரைக்கு இது எட்டாக் கனியன்று.

நிறைவாக

வாணிகம் வளர்தல் வேண்டும். அதற்காக ஓர் ஊரின் இரவு விலையாதல் கூடாது. அயலார் துயிலைக் காப்பதும் அறமே. இன்று இயற்பியலும் வணிகவியலும் பயிலும் நம் மாணவர்களுள் சிலர் நாளை துறைமுகப் பொறியாளராகவும் ஏற்றுமதியாளராகவும் விளங்கக்கூடும். தம் சரக்கு ஏறும் கப்பல் அமைதியாக நிற்கிறதா என்று அவர்கள் கேட்கத் தொடங்கினால், அக்கேள்வியே மாற்றத்தின் முதற்படியாகும்.