கட்டிக்கொடுத்த மகளுக்கும் வீட்டில் பங்கு!

திருத்தணியில் பூர்வீக வீடு வாங்கப் போகிறீர்களா? விற்பவரின் அக்கா, தங்கை கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்!

"அவளைத்தான் கட்டிக்கொடுத்தாச்சே, இன்னும் என்ன பங்கு?" என்ற பேச்சு இனி எடுபடாது.

1960 ஏப்ரல் 1-ந்தேதி ஆந்திராவை விட்டுத் தமிழகத்தோடு இணைந்த ஊர் இது. இந்துக் குடும்பத்து மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு, ஆந்திராவில் 1985 முதல்; இங்கே 1989-ல்தான். எல்லை தாண்டினால் நகரி. அங்கே மூன்றரை வருஷம் முந்தியே பங்கு! ஆனால் ஏற்கனவே கல்யாணமானவர்களுக்கு இரு பக்கமும் கிடையாது.

2005-ல் வந்த மத்திய சட்டம் அந்தத் தடையை நீக்கியது. அதற்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 20-12-2004-க்கு முன் முறைப்படி நடந்த விற்பனை, பாகப்பிரிவினைக்கு மட்டும் பாதிப்பில்லை.

வில்லங்கச் சான்று மட்டும் போதாது. வாரிசுச் சான்றும் கேளுங்கள். ஒரு கையெழுத்து குறைந்தால், பணம் கொடுத்தவர்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்!